பல்கலைக்கழகத்துக்குக் கடையில் என்ன வேலை?

1948-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் தலைவர், அங்கிருந்த டிரெக்சல் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் டீன் ஒருவரிடம் உதவி கேட்டார். பில் போடும்போதே எந்தப் பொருள் விற்றது என்ற விவரம் தானாகப் பதிவாகிற மாதிரி ஏதாவது வழி கண்டுபிடித்துத் தர முடியுமா என்பதுதான் அவர் கேட்டது. டீன் மறுத்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் போய்த் தன் நண்பர் நார்மன் ஜோசப் வுட்லாண்டிடம் சொல்ல, இருவரும் மண்டையைக் குழப்பிக்கொண்டு ஒரு வழியைக் கண்டுபிடித்து 1949-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1952-இல் கிடைத்தது. அதுதான் பார்கோடு. இன்று எல்லாப் பொருட்களிலும் நாம் பார்க்கும் வடிவில் அது நிஜக் கடையில் ஓடுவதற்கு 1974 ஜூன் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது ஒரு சூயிங் கம் பாக்கெட்.

இன்று நிலைமை தலைகீழ். கடைக்காரர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் பல்கலைக்கழகங்களே பெரிய கடைகளின் கதவைத் தட்டுகின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுக்கிறார்கள், செய்தி வெளியிடுகிறார்கள். போட்டோவுக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. மாணவராகவோ ஆசிரியராகவோ கடை நடத்துபவராகவோ இருந்து, இந்தக் கூட்டெல்லாம் எதற்கு என்று யோசித்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் அடிப்படை. சில்லறை வணிகம் என்றால் கடைசியில் பொருளைப் பயன்படுத்தப் போகிறவருக்கு நேரடியாக விற்பது. தெருமுனைக் கடையும் அதுதான், ஆயிரக்கணக்கான கிளைகள் உள்ள சங்கிலியும் அதுதான், இணையத்தில் மட்டும் விற்பவரும் அதுதான். இப்படிப்பட்ட நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆட்களைப் பயிற்றுவிப்பது, ஒரு கேள்விக்கு விடை தேடுவது, விற்பனைத் தரவைப் பகிர்ந்துகொள்வது, அல்லது கடை பணம் கொடுத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையத்தையோ பேராசிரியர் பதவியையோ உருவாக்குவது, எல்லாமே இந்தத் தலைப்புக்குள் வந்துவிடும். நடைமுறையில் இவை ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். பயிற்சிக்கு வந்த மாணவர்தான் ஆய்வுக்கான தரவையும் எடுத்துக் கொடுப்பார்.

கடைக்கு இதில் என்ன லாபம்? சில்லறை வணிகத்தில் லாப விகிதம் மெலிசு. காலையில் கதவைத் திறந்தால் இரவு மூடும்வரை சரக்கு, ஆள், பில், புகார் என்று ஓட்டம்தான். எது எவ்வளவு விற்றது என்று கணினி நொடியில் சொல்லிவிடும், ஏன் விற்றது என்று அது சொல்லாது, அதை உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரமும் இருக்காது. பல்கலைக்கழகத்திடம் இருப்பது அந்த நேரமும், சரியாகக் கேள்வி கேட்கும் முறையும், “இங்கே எப்போதுமே இப்படித்தான்” என்று பழகிப்போகாத கண்ணும். பதிலுக்குக் கடை தருவது எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காத ஒன்று: சொந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்கும் உண்மையான மனிதர்கள்.

பயிற்சி: பழைய கதைதான்

கடை வேலைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அதற்கு எதிராக ஒரு பள்ளி 1905-லேயே வந்துவிட்டது. போஸ்டனில் லூசிண்டா பிரின்ஸ் என்பவர், கடைகளில் விற்பனை வேலை பார்க்கும் இளம் பெண்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அது பிற்பாடு சிம்மன்ஸ் கல்லூரியோடு இணைந்தது. 1918-இல் பிட்ஸ்பர்க் நகரத்தின் பெரிய கடைகள் சேர்ந்து பணம் போட, கார்னெகி தொழில்நுட்பக் கல்லூரியில் சில்லறை விற்பனைப் பயிற்சிக்கான ஆய்வுப் பிரிவு ஒன்று உருவானது. இங்கே கவனிக்க வேண்டியது, போட்டிக் கடைகள் ஒன்றாகச் சேர்ந்து பணம் போட்டன என்பதுதான். ஒரு கடை தனியாகப் பயிற்சி கொடுத்தால் பயிற்சி முடித்தவரைப் பக்கத்துக் கடை இழுத்துக்கொள்ளும் என்ற பயம் எல்லாக் காலத்திலும் உண்டு. எல்லாரும் சேர்ந்து செலவழித்தால் அந்தப் பயம் பாதியாகிவிடும். நியூயார்க் பல்கலைக்கழகம் சில்லறை வணிகத்துக்கென்றே ஓர் ஆய்விதழை 1925-இல் தொடங்கி, அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

இன்றைய பயிற்சிக் கூட்டுகளில் ஜெர்மனியின் மாதிரி எனக்குப் பிடித்தது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரட்டைப் படிப்பு முறைக்கென்றே ஒரு பெரிய உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. 1974-இல் தொடங்கிய ஏற்பாடு 2009-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் படிப்பில் சேர்கிறார். ஏறக்குறைய மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலை என்று மாறி மாறி மூன்று வருடம் போகும். சில்லறை வணிகம் அதில் ஒரு தனிப் பிரிவு. வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் அந்த ஆளைச் சும்மா பெட்டி தூக்க வைத்து வீணடிக்க யோசிக்கும். வகுப்பில் கொள்முதலைப் பற்றிப் படித்துவிட்டு அடுத்த மாதமே கொள்முதல் மேசையில் உட்காருகிற மாணவருக்குப் பாடம் மண்டையில் ஏறும் வேகமே வேறு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை இருக்கிறது. கல்லூரியிலிருந்து கடைக்கு ஆள் அனுப்பாமல், கடையில் ஏற்கெனவே வேலை செய்பவரைக் கல்லூரிக்கு அனுப்புவது. ஸ்டார்பக்ஸ் காபிக் கடை நிறுவனமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் 2014 ஜூனில் தொடங்கிய திட்டம் அப்படிப்பட்டது. தகுதியுள்ள ஊழியர்கள் இணையவழியில் இளநிலைப் பட்டம் படிக்கலாம். அடுத்த வருடமே நான்கு ஆண்டுப் படிப்புக்கும் கட்டணம் இல்லை என்று விரிவாக்கினார்கள். படித்து முடித்தவர் கடையில் தொடர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. அப்படியானால் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். சில்லறை வணிகத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருப்பார்கள், புது ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்குவதற்கு ஒவ்வொரு முறையும் செலவு. படிப்பு முடியும்வரையாவது ஒருவர் நிலையாக இருப்பார் என்றால் அதுவே கணிசமான மிச்சம்.

மோசமான பயிற்சிக் கூட்டும் உண்டு, அதை அடையாளம் காண்பது சுலபம். பண்டிகைக் கூட்ட நேரத்தில் மட்டும் ஐம்பது மாணவர்கள் தேவைப்படுவார்கள். அவர்களைத் துணி மடிக்கவும் டிராலி தள்ளவும் வைத்துவிட்டு, முடிந்ததும் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். துணி மடிப்பது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. கடையின் தளத்தில் கால் வலிக்க நிற்காமல் இந்தத் தொழில் யாருக்கும் புரியாது. ஆனால் மூன்று வாரம் துணி மடித்த மாணவரிடம் கடைசியில், எந்த சைஸ் சீக்கிரம் தீர்ந்தது, எதை வாடிக்கையாளர் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள், அது ஏனென்று நினைக்கிறாய் என்று யாராவது கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அதைப் பயிற்சி என்று சொல்வதில் அர்த்தமில்லை. மலிவு விலைக்குக் கிடைத்த கூலி, அவ்வளவுதான்.

ஆய்வு: பாதிக் கடைகளைத் தொடாமல் விடும் பொறுமை

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

ஒரு கடை விலையைக் குறைக்கிறது, அந்த மாதம் விற்பனை ஏறுகிறது. விலைக் குறைப்பினால்தான் ஏறியதா? அந்த மாதம் பள்ளி திறந்திருக்கலாம், எதிர்க் கடை மூடியிருக்கலாம், வெயில் அடித்திருக்கலாம். கடைக்காரருக்கு ஏறினால் போதும், காரணத்தைப் பற்றி அக்கறை இல்லை. ஆனால் அடுத்த முறை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் காரணம் தெரிய வேண்டும். அதற்கு வழி, ஒரே மாதிரியான கடைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் மாற்றத்தைச் செய்துவிட்டு மறுபாதியை அப்படியே விட்டு, இரண்டையும் ஒப்பிடுவது. பள்ளி திறப்பும் வெயிலும் இரண்டு பாதிகளுக்கும் பொது, ஆகவே மிச்சம் தெரிகிற வித்தியாசம் நாம் செய்த மாற்றத்தினுடையது. கேட்க எளிமையாக இருக்கிறது. நல்ல யோசனை என்று தெரிந்த ஒன்றைப் பாதிக் கடைகளில் செய்யாமல் விட எந்த மேலாளருக்கும் மனசு வராது. பாதியைத் தொடாமல் விடும் அந்தப் பிடிவாதத்தைத்தான் பல்கலைக்கழகம் கொண்டுவருகிறது.

1989-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியும் டோமினிக்ஸ் என்ற உள்ளூர் சூப்பர் மார்க்கெட் சங்கிலியும் இப்படித்தான் கூட்டுச் சேர்ந்தன. அதில் வந்த ஓர் ஆய்வு, 86 கடைகள் கொண்ட அந்தச் சங்கிலியில், 26 பொருள் வகைகளில் விலையை மாற்றிப் பார்த்தது. அப்போது தொழிலில் பெரிய வாக்குவாதம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது: தினமும் குறைந்த விலை என்று நிரந்தரமாகக் குறைத்து வைப்பது நல்லதா, சாதாரண நாளில் கூடுதலாக வைத்துவிட்டு அவ்வப்போது தள்ளுபடி போடுவது நல்லதா? விலையை 10% குறைத்த இடத்தில் விற்பனை அளவு 3% மட்டுமே ஏறியது. 10% கூட்டிய இடத்தில் 3% மட்டுமே இறங்கியது. லாபத்தில் பார்த்தால், குறைத்த இடத்தில் 18% போனது, கூட்டிய இடத்தில் 15% வந்தது. ஏற்கெனவே அந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் விலை சற்றுக் குறைந்ததற்காக மூட்டை மூட்டையாக வாங்கிவிடவில்லை, சற்றுக் கூடியதற்காகக் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. இது ஒரு சங்கிலியின் கதை, எல்லாக் கடைக்கும் இதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் குறைத்தால் கூட்டம் அள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரிடம் நீட்டுவதற்கு நல்ல சான்று.

டோமினிக்ஸ் 2013 முடிவோடு கடையை மூடிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டில் சேர்ந்த, சுமார் ஒன்பது ஆண்டு விற்பனைத் தரவு இன்னும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பிறக்கும் முன்னாலேயே நடந்த சோப்பு விற்பனையை வைத்து இன்றைய மாணவர்கள் பாடம் படிக்கிறார்கள்.

இன்னொரு வகை ஆய்வில் எந்த மாற்றமும் செய்ய மாட்டார்கள், இருப்பதை எண்ணிப் பார்ப்பார்கள், அவ்வளவே. நிகோல் டிஹோராஷியஸ், அனந்த் ராமன் என்ற இருவர் ஒரு பெரிய சங்கிலியின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சோதித்தார்கள். அதாவது கணினி சொல்லும் எண்ணும் அடுக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று. 65% பதிவுகள் தவறு. 2008-இல் இது வெளியானபோது, இதை நம்பித்தானே தானியங்கியாகச் சரக்கு வரவழைக்கிறோம் என்று பலர் தலையில் கை வைத்திருப்பார்கள்.

எப்படி இவ்வளவு தவறும் நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரே விலையுள்ள இரண்டு ஷாம்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். வாடிக்கையாளர் ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து வருகிறார். கவுன்டரில் நிற்பவர் அவசரத்தில் பச்சையை இரண்டு முறை ஸ்கேன் செய்துவிட்டு நீலத்தைப் பையில் போட்டுவிடுகிறார். விலை ஒன்றுதான், யாருக்கும் நஷ்டமில்லை, பில் சரி. ஆனால் கணினியில் பச்சை இரண்டு குறைந்தது, நீலம் குறையவே இல்லை. இது பத்துத் தடவை நடந்தால், நீலத்தின் அடுக்கு காலியாகக் கிடக்கும்போதும் கணினி பத்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புதுச் சரக்கு கேட்காமல் இருக்கும். யாரும் வாங்கவில்லை என்பதால் எண் மாறாது, எண் மாறாததால் சரக்கு வராது, சரக்கு வராததால் யாரும் வாங்க முடியாது. தலைமை அலுவலகத்தில் அறிக்கையைப் பார்ப்பவர் நீலம் ஓடவில்லை என்று முடிவு கட்டிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டாலும் ஆச்சரியமில்லை. கவுன்டரில் ஒரு வாரம் நின்று பார்த்த மாணவருக்குப் புரிகிற விஷயம் இது. மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது கஷ்டம்.

காலியான அடுக்கு என்ற இந்தத் தலைவலியே இன்னொரு கூட்டுக்கும் காரணமானது. 1999-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பொருட்கள் உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் பணத்தில், ஒவ்வொரு பொருளிலும் சின்ன ரேடியோ சில்லு ஒட்டினால் எது எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியுமே என்ற யோசனையோடு ஒரு மையம் தொடங்கியது. வால்மார்ட், டெஸ்கோ போன்ற கடைகளும் பின்னால் சேர்ந்துகொண்டன. அந்தத் தொழில்நுட்பத்தால் நிஜமாகவே பயன் உண்டா என்று 2005-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகம் வால்மார்ட் கடைகளில் சோதித்தது. சில்லு பயன்படுத்தும் 12 கடைகள், பயன்படுத்தாத 12 கடைகள். ஒப்பிட்டதில், சில்லு உள்ள கடைகளில் சரக்குத் தீர்ந்துபோவது 16% குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் கடைகள் இல்லாமல் இதைச் செய்திருந்தால் அந்த எண்ணை நம்பியிருக்க முடியாது, ஏனென்றால் யாரோ வந்து அடுக்கை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே ஊழியர்கள் அடுக்கைக் கூடுதல் கவனத்தோடு நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

கடை ஊழியர்களின் வாழ்க்கையைத் தொட்ட ஆய்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துணிக்கடைச் சங்கிலியான கேப், 2015-16-இல் மூன்று பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் தன் 28 கடைகளைத் திறந்துவிட்டது. கேள்வி இது: ஊழியர்களுக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியாமல் கடைசி நிமிடத்தில் மாற்றிக்கொண்டே இருப்பது தொழிலுக்குத் தவிர்க்க முடியாததா? குலுக்கலில் தேர்ந்த 19 கடைகளில் ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரத்தை நிலையாக வைத்தார்கள், சிலருக்கு வாரத்துக்குக் குறைந்தபட்ச மணி நேரத்தை உறுதி செய்தார்கள், ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஒரு செயலி கொடுத்தார்கள். மற்றக் கடைகளோடு ஒப்பிட்டால் அந்த 19 கடைகளின் விற்பனை 7% அதிகமாக இருந்தது, ஊழியர் உற்பத்தித் திறன் 5% கூடியது. அதைவிடச் சுவாரசியம் இன்னொன்று. ஷிப்ட் குழப்பத்துக்கு வாடிக்கையாளர் வரத்து முன்பின்னாக இருப்பதுதான் காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், சரக்கு லாரி பற்றிய தவறான தகவல், கடைசி நேரத்தில் மாறும் தள்ளுபடி அறிவிப்பு, மேலதிகாரிகளின் திடீர் வருகை என்று பெரும்பகுதி தலைமை அலுவலகமே உண்டாக்கிய குழப்பம். இதை உள்ளேயிருக்கும் ஒரு மேலாளர் எழுதியிருந்தால் அவர் வேலையில் நீடித்திருப்பாரா என்பது சந்தேகம்.

தரவு: கொடுப்பதும் மறைப்பதும்

சில கூட்டுகளில் ஆய்வாளர் கடைக்குள் கால் வைப்பதே இல்லை. கடை தரவைக் கொடுக்கும், அவ்வளவுதான். 2020-இல் சைப்ரஸ் நாட்டின் நிகோசியா பல்கலைக்கழகம் நடத்திய முன்கணிப்புப் போட்டிக்கு வால்மார்ட் தன் 10 கடைகளின் 3,049 பொருட்களின் தினசரி விற்பனையை, ஐந்து வருடத்துக்கும் மேலானதை, கொடுத்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் அடுத்த 28 நாள் விற்பனையைக் கணிக்கப் போட்டியிட்டன. பொருட்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த வகை, எத்தனையாவது பொருள் என்ற குறியீடு மட்டும். அந்தத் தரவைத் திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பூஜ்ஜியங்கள். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஒன்று, பூஜ்ஜியம், மூன்று, மறுபடி பூஜ்ஜியம். சூப்பர் மார்க்கெட்டில் எல்லாம் எப்போதும் பறந்துகொண்டிருக்கும் என்று நினைக்கும் மாணவருக்கு இது நல்ல அதிர்ச்சி. ஒரு கடையில் ஒரு பொருள் என்று எடுத்துப் பார்த்தால் பல நாட்கள் விற்காமலே போகும், அதனால்தான் கணிப்பது அவ்வளவு கஷ்டம்.

பொருளின் பெயரை மறைப்பது வியாபார ரகசியத்துக்காக. வாங்கியவரின் பெயரை மறைப்பது வேறு விஷயம், அது சட்டமும் அறமும் சம்பந்தப்பட்டது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம், போதாது. ஒருவர் எந்தக் கடையில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், என்னென்ன வாங்குகிறார் என்ற கோலமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம், அதிலும் மருந்தோ குழந்தைப் பொருளோ சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் ஒழுங்கான கூட்டில் தரவு பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போன பிறகே ஆய்வாளர் கைக்கு வரும், தேவையில்லாத விவரங்கள் கடையிலேயே கழிக்கப்பட்டிருக்கும், மாணவர் தன் மடிக்கணினியில் அதை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது.

ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும்

நல்ல எண்ணத்தோடு தொடங்கும் கூட்டும் ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று வரிகளைச் சரியாக எழுதாததால் கசந்துபோகும். அதில் முதலாவது, முடிவை வெளியிடும் உரிமை. கடைக்குப் பிடிக்காத முடிவு வந்தால் என்ன? வெளியிடும் முன் தன் ரகசியம் எதுவும் கசிகிறதா என்று பார்க்கக் கடைக்குச் சில வார அவகாசம் கொடுப்பது நியாயம். வெளியிடவே கூடாது என்று தடுக்கும் அதிகாரம் கொடுத்தால் அது ஆய்வாக இருக்காது, பல்கலைக்கழக முத்திரை போட்ட விளம்பரமாகிவிடும். நடுவில் ஒரு வழி, கடையின் பெயரை மறைத்து வெளியிடுவது. மேலே சொன்ன 65% ஆய்வில் அந்தச் சங்கிலியின் உண்மைப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். யாருடைய மானமும் போகாமல் உலகத்துக்கு உண்மை தெரிந்தது.

அடுத்தது கண்டுபிடிப்பு யாருடையது என்பது. மாணவர் எழுதிய நிரலைக் கடை எல்லாக் கிளைகளிலும் பயன்படுத்தலாமா, மாணவர் அதையே வைத்துத் தனித் தொழில் தொடங்கலாமா, பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டா என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். கூட்டு வெற்றி பெற்ற பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் எல்லாருக்கும் முகம் சுண்டும்.

இதெல்லாவற்றையும்விட அதிகமாகக் கூட்டுகளைக் கொல்வது காலக் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கடையின் நாட்காட்டி வாரக் கணக்கில் ஓடுகிறது, பல்கலைக்கழகத்தினுடையது பருவக் கணக்கில். கடை கேட்கிற விடை அடுத்த சீசனுக்குள் வேண்டும். ஆய்வுக் கட்டுரை வெளிவர இரண்டு மூன்று வருடம் ஆகலாம். அதற்குள் கூட்டுக்கு ஆர்வம் காட்டிய மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு இந்தப் பேராசிரியர் யார் என்றே தெரியாது. இதற்கு மருந்து, வேலையை இரண்டாகப் பிரிப்பது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடைக்குப் புரியும் மொழியில் இரண்டு பக்கக் குறிப்பு, கட்டுரை அதன் வேகத்தில் தனியாக. பிரிட்டனில் 1975 முதல் நடக்கும் அறிவுப் பரிமாற்றத் திட்டம் இந்த இடைவெளிக்கு ஒரு மனிதரையே வைத்தது. அண்மையில் பட்டம் பெற்ற ஒருவர் நிறுவனத்துக்குள் உட்கார்ந்து ஒரு குறிப்பிட்ட வேலையை ஒன்று முதல் மூன்று வருடம்வரை செய்வார், பல்கலைக்கழக ஆசிரியர் அவரை வழிநடத்துவார், செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். இரண்டு பக்க மொழியும் தெரிந்த அந்த ஒருவர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பணம் பெரிதாகும்போது கேள்வியும் பெரிதாகும். 2018-இல் ஜெர்மனியின் லிட்ல், காஃப்லாண்ட் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் டீட்டர் ஷ்வார்ட்ஸின் அறக்கட்டளை, மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஒரே மூச்சில் 20 பேராசிரியர் பதவிகளுக்கான பணத்தைக் கொடுத்தது. அதில் பெரும்பாலானவை ஹைல்பிரான் நகரில் புதிதாகத் திறந்த வளாகத்துக்கு. பல்கலைக்கழகத்துக்கு அது வரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த அளவுக்குப் பணம் ஒரே கையிலிருந்து வரும்போது, யாரைப் பேராசிரியராக எடுப்பது என்பதிலும் எந்தத் தலைப்பை ஆய்வது என்பதிலும் கொடுத்தவருக்குச் சொல் இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும், அந்த எழுத்தை வெளியாட்களும் படிக்க முடிய வேண்டும். யாரும் வாய் திறந்து எதையும் தடுக்க வேண்டியதில்லை. கேட்டால் சங்கடமாகிற கேள்வியை ஆய்வாளரே கேட்காமல் விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

சின்ன அளவில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு

இதெல்லாம் பெரிய சங்கிலிகளுக்கும் பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கும்தான் சரிப்படும் என்று தோன்றினால், அது உண்மையில்லை. ஒரு கடையும் ஒரு துறையும் போதும். கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கொண்டுவரட்டும், அதுவும் அவருடைய பில் இயந்திரத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும். “விற்பனையை எப்படிக் கூட்டுவது” என்பது கேள்வியே இல்லை, புலம்பல். “உள்ளே வந்து எதுவும் வாங்காமல் போகிறவர்கள் எங்கே நின்று திரும்புகிறார்கள்” என்பது கேள்வி. இதற்கு நான்கு மாணவர்கள், ஒரு கடை வரைபடம், பென்சில், இரண்டு வாரம் போதும். ஒவ்வொருவர் நடந்த பாதையையும் பெயர் இல்லாமல் வரைபடத்தில் கோடாக இழுத்தால் மூன்றாவது நாளே ஏதோ ஒரு மூலையில் கோடுகள் முட்டித் திரும்புவது தெரிய ஆரம்பிக்கும். கவனிக்கிறார்கள் என்று வாசலில் ஒரு பலகை வைத்துவிடுவது மரியாதை. கடையின் ஊழியர்களிடமும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் தங்களை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், கடையில் யாருக்கு எல்லாம் தெரியுமோ அவர்களே வாயை மூடிக்கொண்டால் வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மாணவராக ஒரு கூட்டுத் திட்டத்தில் சேரப் போகிறவர் கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளமோ உதவித்தொகையோ உண்டா, அதை யார் தருகிறார்கள். கடையில் உங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் யார், அவருக்கு நீங்கள் வருவது தெரியுமா (சிரிக்காதீர்கள், பல இடங்களில் தெரியாது). தரவைப் பார்க்கும் அனுமதி முதல் நாளே கிடைக்குமா, கடைசி வாரத்தில்தான் கிடைக்குமா. எழுதி முடித்ததை உங்கள் பெயரில் வெளியே காட்டலாமா, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குறிப்பிடலாமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சேருங்கள்.